எட்டாவது பெயர்ப்பலகை வேண்டாம்: எங்கள் கால்பந்து கிளப் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

செவ்வாய்க்கிழமை மாலை நீங்கள் வெளியிட்ட அறிக்கை மூன்றே வரி. "மேனேஜர் மீது நிர்வாகத்துக்கு முழு நம்பிக்கை இருக்கிறது" என்பது அதில் நடு வரி. இந்த வரி எங்களுக்குப் பழைய வரி. நான்காவது மேனேஜருக்கும் இதையே எழுதினீர்கள். 11 நாளில் அவர் போய்விட்டார். ஆறாவது மேனேஜருக்கும் இதே வரிதான், ஒரு சொல்கூட மாறவில்லை. அவர் 16 நாள் தாக்குப்பிடித்தார். அதனால் செவ்வாய் இரவு எங்களில் ஒருவருக்கும் நிம்மதி வரவில்லை. "சரி, நாள் குறித்துவிட்டார்கள்" என்றுதான் பேசிக்கொண்டோம். மறுநாளே, அவருடைய இடத்துக்கு இரண்டு பேரிடம் பேச்சு நடக்கிறது என்று செய்தி வந்தது. நீங்கள் அதை மறுக்கவும் இல்லை.

14 ஆட்டம், 11 புள்ளி, கடைசியிலிருந்து மூன்றாவது இடம். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒரு டிரா, நான்கு தோல்வி. இதை மறைத்துக்கொண்டு பேச நான் வரவில்லை. ஆனால் இந்தக் கணக்குக்கு மேனேஜர் ஒருவரை மட்டும் பலி ஆடு ஆக்கப்போகிறீர்கள் என்றால், 22 வருடமாக சீசன் டிக்கெட் எடுத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் 11வது வரிசையில் உட்காரும் ஒருவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் என் பங்குக்கு ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நான்காவது மேனேஜரை "வெளியே போ, வெளியே போ" என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். சொந்த மைதானத்தில் 4-0 என்று தோற்ற ஞாயிற்றுக்கிழமை அது. ஆட்டம் முடிந்து அவர் சுரங்கவழியை நோக்கி நடந்தபோது எங்கள் கேலரியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் கையை உயர்த்தி வாசலைக் காட்டினேன். திங்கட்கிழமை நீக்கிவிட்டீர்கள். மூன்று வாரம் எனக்குக் குஷிதான். புது ஆள் வந்தார், முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி. "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேன்" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் பெருமையடித்தேன். ஐந்தாவது ஆட்டத்திலிருந்து பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அந்த சீசன் முடிந்தபோது, அவரை நீக்கிய நாளில் இருந்த இடத்தைவிட ஓரிடம் கீழே இருந்தோம்.

அன்றிலிருந்துதான் இதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கவனிக்க வசதியான ஓர் இடமும் எனக்குக் கிடைத்தது. 8 வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் நம் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு எடுபிடி வேலை பார்க்கிறேன். பந்துக்குக் காற்றடிப்பது, கூம்புகளை அடுக்குவது, பயிற்சி முடிந்ததும் எண்ணிப் பையில் போடுவது, இதுதான் என் உத்தியோகம். சம்பளம் கிடையாது. பக்கத்து மைதானத்தில் பெரிய அணி பயிற்சி எடுக்கும். நடுவில் ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததை நீங்கள் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை.

வண்டி நிறுத்துமிடத்தில் மேனேஜரின் இடத்துக்கு மேலே ஒரு பெயர்ப்பலகை இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 6 வருடத்தில் அதில் 7 பெயர்கள். நான்கு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு முடுக்குவார்கள். கழற்றிக் கழற்றி மாட்டியதில் சுவரில் ஓட்டைகள் அகன்று, இப்போது மரத்துண்டை அடித்து இறுக்கி அதன்மேல் ஸ்க்ரூ போட்டிருக்கிறது. போன முறை பலகையை மாற்றும்போது பராமரிப்பு வேலை பார்ப்பவர் என்னிடம் சொன்னார்: "இதுக்கு ஸ்க்ரூவே தண்டம்ங்க. ரெண்டு கொக்கி போட்டா போதும்." நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது சிரிக்கிற விஷயமில்லை என்று உறைத்தது.

ஒவ்வொரு பலகை மாறும்போதும் வேலிக்கு அந்தப் பக்கம் என்ன மாறியது என்று சொல்கிறேன். மூன்றாவது மேனேஜர் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி ஆடுபவர். அதற்கென்றே இடது ஓரம் முழுவதும் மேலும் கீழும் ஓடக்கூடிய ஓர் ஆட்டக்காரரை நான்கு வருட ஒப்பந்தத்தில் கொண்டுவந்தீர்கள். நான்காவது மேனேஜர் வந்ததும் பின்வரிசை நான்கு பேர் ஆனது. அந்த ஆட்டக்காரர் பெஞ்சுக்குப் போனார். ஐந்தாவது ஆள் நீளப் பந்து பிரியர். அவருக்கு உயரமானவர்கள் வேண்டும், இரண்டு பேரை வாங்கினீர்கள். ஆறாவது ஆளுக்கு உயரம் தேவையில்லை, வேகம் தேவை. ஒருநாள் பயிற்சி தொடங்குமுன் பொழுது போகாமல் விரல் விட்டு எண்ணினேன். இன்றைய 25 பேரில் இன்றைய மேனேஜர் கேட்டு வாங்கியவர்கள் 6 பேர். மீதி 19 பேரும், வேறு வேறு ஆட்கள் வேறு வேறு ஆட்டத்துக்காக வாங்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள். ஆறு தையல்காரர்கள் ஆளுக்கொரு அளவெடுத்து வெட்டிய துணியை ஏழாவது ஆளிடம் கொடுத்து, "சட்டை சரியாக இல்லையே" என்று அவரைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

இதைவிட என்னை வருத்தியது ஒரு பையனின் கதை. நம் சிறுவர் அணியில் என் கண்முன்னே வளர்ந்து பெரிய அணிக்குப் போனவன். மிட்ஃபீல்டில் ஆடுபவன். 17 வயதில் அவனிடம் ஒரு மேனேஜர், "பந்தைக் காலில் வைத்திரு, தலையை நிமிர்த்திப் பார், அவசரப்படாதே" என்றார். எட்டு மாதம் கழித்து வந்தவர், "ஒரே தொடுதல், உடனே கொடு, வைத்திருக்காதே" என்றார். அடுத்து வந்தவர் அவனை ஓரத்துக்குத் தள்ளினார். ஒரு சனிக்கிழமை வேலியோரம் வந்து நின்றவனிடம், "எப்படியடா போகிறது?" என்று கேட்டேன். "பந்து வந்தா இப்பல்லாம் யோசிக்கிறேன் அண்ணே. முன்னாடி யோசிக்க மாட்டேன்" என்றான். மிட்ஃபீல்டில் அந்த அரை நொடி யோசனைதான் பந்தைப் பறிகொடுக்க வைக்கும். இப்போது வேறொரு கிளப்புக்குக் கடனாகப் போயிருக்கிறான். உங்கள் கணக்குப் புத்தகத்தில் இந்த நஷ்டத்தை எந்தத் தலைப்பில் எழுதுகிறீர்கள்?

சரி, உங்கள் தரப்புக்கு வருகிறேன். "மேனேஜரை மாற்றினால் அணிக்கு ஒரு புத்துணர்ச்சி வரும், முதல் சில ஆட்டங்களிலேயே தெரியும்" என்பது உங்கள் வாதம். நான்காவது மேனேஜர் போனபோது அந்தப் புத்துணர்ச்சியை நானே பார்த்தேன். கேள்வி என்னவென்றால், அது மாற்றத்தால் வந்ததா, தானாக வந்ததா?

நெதர்லாந்துப் பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல் இதைத் தோண்டிப் பார்த்திருக்கிறார். அந்நாட்டின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த மேனேஜர் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். நீக்கத்துக்குப் பிறகு முடிவுகள் மேலே வருவது உண்மைதான். ஆனால் அதே மாதிரிச் சரிவில் விழுந்தும் மேனேஜரைக் கைவிடாத கிளப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் அதேபோல மேலே வந்திருந்தன. மருந்து சாப்பிட்டால் ஜலதோஷம் ஏழு நாளில் போகும், சாப்பிடாவிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று சொல்வார்களே, அந்தக் கதைதான். மேனேஜரை நீங்கள் எப்போது நீக்குகிறீர்கள்? அணி தன் வழக்கமான தரத்துக்கும் கீழே போய்க் கிடக்கும்போது. அங்கிருந்து மேலே வருவதுதான் இயல்பு. வந்ததும் அந்தப் பெயரைப் புது ஆள் தட்டிக்கொண்டு போகிறார்.

நம் கடைசி ஐந்து ஆட்டத்தையே பாருங்கள். இரண்டு முறை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு தோல்வி கூடுதல் நேரத்தில் கொடுத்த பெனால்ட்டியில். முதல்நிலை கோல்கீப்பர் விரல் முறிந்து வெளியே. இதற்கெல்லாம் மேனேஜரிடம் என்ன பதில் இருக்கும்?

இந்தப் பேச்சை எடுத்தாலே எல்லோரும் அலெக்ஸ் ஃபெர்குசனை இழுப்பார்கள். 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்தார், 1989 டிசம்பரில் அவரைப் போகச் சொல்லிக் கேலரியில் பேனர் பிடித்தார்கள், 1990 மே மாதம் எஃப்.ஏ. கோப்பை, 1993இல் முதல் லீக் பட்டம், ஓய்வுபெறும் முன் மொத்தம் 13. உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். நான் அவர் பின்னால் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. பொறுத்திருந்தால் எல்லோரும் ஃபெர்குசன் ஆகிவிடுவார்கள் என்று நினைக்க நான் என்ன குழந்தையா? நமக்குப் பொருந்துகிற கதைகள் வேறு. அவை கோப்பைக் கதைகளாகக்கூட இருக்காது.

இங்கிலாந்து பிரீமியர் லீகின் 2022-23 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று இடத்தில் முடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய கிளப்புகள் லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன். மூன்றுமே நடு சீசனில் மேனேஜரை மாற்றியவை. லீட்ஸ் பிப்ரவரியில் ஜெஸ்ஸி மார்ஷை நீக்கியது, ஹாவி கிராசியாவைக் கொண்டுவந்தது, அவரையும் நீக்கிவிட்டு நான்கே ஆட்டம் பாக்கி இருக்கும்போது சாம் அலர்டைஸை அழைத்தது. அந்த நான்கு ஆட்டத்தில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. லெஸ்டர் ஏப்ரலில் பிரெண்டன் ராஜர்ஸை நீக்கியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சவுத்தாம்ப்டன் கதை இன்னும் கூர்மையானது. 2019 அக்டோபரில் அந்த அணி லெஸ்டரிடம் 9-0 என்று சொந்த மைதானத்திலேயே தோற்றது. நம் கிளப்பாக இருந்தால் மறுநாள் காலையில் பலகை கழன்றிருக்கும். அவர்கள் ரால்ஃப் ஹாசன்ஹூட்டலை விடவில்லை. அந்த சீசன் 11வது இடத்தில் முடித்தார்கள். 2021 பிப்ரவரியில் யுனைடெட்டிடம் மறுபடியும் 9-0. அப்போதும் விடவில்லை, அப்போதும் முதல் பிரிவில் நிலைத்தார்கள். 2022 நவம்பரில்தான் அவரை அனுப்பினார்கள். அடுத்து வந்த நேத்தன் ஜோன்ஸ் மூன்று மாதம் தாங்கினார். அவருக்குப் பின் இன்னொருவர். முடிவில் கடைசி இடம். இரண்டு ஒன்பதுகளைத் தாங்கிய கிளப், பொறுமையிழந்த வருடத்தில் விழுந்தது. ஹாசன்ஹூட்டலை வைத்திருந்தால் விழுந்திருக்காது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. மாற்றியது காப்பாற்றவில்லை என்பது மட்டும் கண்ணால் கண்டது.

அதே சீசனில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அக்டோபர் தொடக்கத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. எல்லோரும் ஸ்டீவ் கூப்பரின் கதை முடிந்தது என்றார்கள். அவர்கள் கூப்பருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தார்கள். சீசன் முடிவில் 16வது இடம், தப்பித்தார்கள். வெஸ்ட் ஹாமும் வருடம் முழுக்கத் தத்தளித்தது, 14வதாக முடித்தது. டேவிட் மோயஸை வைத்துக்கொண்டே ஜூன் மாதம் ஐரோப்பிய கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையையும் தூக்கியது.

மறுபக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் சொல்வீர்கள். அதே வருடம் எவர்டன், வுல்வ்ஸ், போர்ன்மத், கிரிஸ்டல் பேலஸ் எல்லாம் மேனேஜரை மாற்றித் தப்பித்தவை. ஆஸ்டன் வில்லா ஸ்டீவன் ஜெரார்டை நீக்கி உனாய் எமரியைக் கொண்டுவந்து 7வது இடத்துக்கே போனது. 2021 ஜனவரியில் செல்சி, ஃபிராங்க் லாம்பார்டை அனுப்பிவிட்டு தாமஸ் டுகலை அழைத்தது. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பை. எதிர்த்திசையில் சண்டர்லேண்ட்: 2016-17 சீசன் முழுக்க அதே மோயஸை நம்பிக் கடைசி இடத்தில் இறங்கியது. ஆக, நம்பிக்கை வைத்தாலே தப்பித்துவிடலாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. நீக்கவே கூடாது என்பதும் என் கட்சியில்லை. வில்லாவுக்கு எமரி என்ற தெளிவான விடை கையில் இருந்தது. செல்சியில் ஆட்டக்காரர்கள் குறையில்லை, அவர்களை ஆட்டத் தெரிந்த ஆள்தான் குறை. நம்மிடம் இரண்டில் எது இருக்கிறது? பேச்சு நடக்கிறது என்று செய்தியில் வந்த இரண்டு பெயரில் ஒருவர் நீளப் பந்து ஆள், இன்னொருவர் குட்டிக்குட்டிப் பாஸ் ஆள். என்ன ஆட்டம் வேண்டும் என்றே முடிவு செய்யாமல்தான் ஆள் தேடுகிறீர்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது இருக்கும் மனிதரைப் பற்றி நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன சீசன் அவர் தலைமையில் 12வது இடத்தில் முடித்தோம். 6 வருடத்தில் அதுதான் நம் சிறந்த இடம். அணி மொத்தம் அடித்த 46 கோலில் 23 கோல் இரண்டே பேர் அடித்தவை. கோடையில் அந்த இருவரையும் விற்றீர்கள். அவர் விற்கவில்லை, நீங்கள் விற்றீர்கள். மாற்று ஆள் வந்தது டிரான்ஸ்ஃபர் காலம் மூடும் கடைசி இரவில். முதல் பயிற்சிக்கு அந்த ஆள் வந்தபோது சட்டையின் முதுகில் பெயர் ஒட்டக்கூட நேரமில்லை; வெறும் எண்ணோடு ஓடினார். கோல் விழவில்லை என்று இப்போது மேனேஜரைக் கேட்கிறீர்கள்.

அவரிடம் குறையே இல்லையா? இருக்கிறது. பிடிவாதக்காரர். மாற்று ஆட்டக்காரரை 75வது நிமிடத்துக்கு முன்னால் இறக்க மாட்டார். கேலரியில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கார்னர் உதையில் ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காக்கச் சொல்கிறார். நம் பையன்களுக்கு அது இன்னும் கைவரவில்லை. கடைசி ஐந்து ஆட்டத்தில் வாங்கிய 9 கோலில் 5 கோல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை. ஆனால் இது சரிசெய்யக்கூடிய குறை. அதற்கென்று தனிப் பயிற்சியாளர் ஒருவரைப் போட்டால் போதும், தலையையே வெட்ட வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை, 3-0 தோல்விக்கு ஆறு நாள் கழித்து, எல்லோரும் உள்ளே போன பிறகு அவர் மட்டும் ஒரு இளம் டிஃபெண்டரோடு மைதானத்தில் நின்றார். நான் கூம்பு எண்ணிக்கொண்டிருந்தேன். பந்தே இல்லை. அந்தப் பையனின் தோளைப் பிடித்து அரை அடி பின்னால் நகர்த்துவார், தான் எதிரணி ஆட்டக்காரர்போல ஓடி வருவார், மறுபடியும் அரை அடி. இருபது நிமிடம் இதேதான். கடைசியில் பையன் தானாகவே அந்த அரை அடியை எடுத்து வைத்தான். மனிதர் ஒன்றும் சொல்லவில்லை, அவன் தலையைத் தட்டிவிட்டு நடந்தார். ஞாயிறு ஆட்டத்தில் நாம் தோற்றோம்தான். ஆனால் 60வது நிமிடத்தில் அந்தப் பையன் அதே அரை அடி பின்னால் நின்றதால் ஒரு நிச்சயமான கோல் தடுக்கப்பட்டது. புள்ளிப்பட்டியலில் இது வராது. ஆட்டக்காரர்கள் இன்னும் 90 நிமிடமும் அவருக்காக ஓடுகிறார்கள். டிரெஸ்ஸிங் ரூமை இழந்த மேனேஜரின் அணி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது ஆளின் கடைசி வாரங்களைப் பார்த்தவன் நான். அப்போது பந்து போன பிறகு யாரும் திரும்பி ஓடவே இல்லை. இப்போது அப்படி இல்லை.

ஆனால் இனி அப்படி ஆகலாம், அதுவும் உங்களால். புதன்கிழமை செய்தி வந்த பிறகு, வண்டி நிறுத்துமிடத்தில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அடுத்த மாசம் யார் இருக்கப்போறாங்கன்னு பார்த்துட்டு அப்புறம் பேசிக்கலாம்." என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போகப்போகிறவர் என்று தெரிந்த ஒருவருக்காக யார் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிர்வாகம் நின்றால், அணியும் அப்படித்தான் நிற்கும். நம்பாமல் இருப்பதைக்கூட ஒரு முடிவு என்று ஒப்புக்கொள்ளலாம். நம்புகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசலில் வேறு ஆள் தேடுவதுதான் எல்லாவற்றிலும் கேடு.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 ஜூலையில் மான்செஸ்டர் யுனைடெட் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அக்டோபரில் அவரை நீக்கியது. அவரையும் அவருடைய உதவியாளர்களையும் அனுப்பிவைக்க 1 கோடி பவுண்டுக்கு மேல் செலவானது. அந்த சீசன் லீகில் முடித்தது 15வது இடத்தில். அவர்கள் பெரிய கிளப், தாங்கும். நாம் முன்னாள் மேனேஜர்களுக்குக் கொடுத்த இழப்பீடுகளைச் சேர்த்தால் ஒரு நல்ல நடு டிஃபெண்டரை வாங்கியிருக்கலாமா, இரண்டு பேரையா? கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது. ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கீழ்ப்பிரிவுக்கு இறங்கினால் தொலைக்காட்சி வருமானம் போகும், ஆட்டக்காரர்கள் போவார்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஆபத்து. ஆனால் இறங்கினால் உலகம் முடிந்துவிடாது என்பதற்கும் ஆட்கள் சாட்சி இருக்கிறார்கள். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் 2015இல் இறங்கியது. கிறிஸ்டியான் ஸ்ட்ரைஷை நீக்கவில்லை. அடுத்த வருடமே இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து ஏறியது. 2022இல் ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போனது. அவர் 2024இல் தானாக விடைபெற்றார். பர்ன்லியும் 2015இல் ஷான் டைச்சோடு இறங்கி, 2016இல் அவரோடே ஏறியது. 2018இல் 7வது இடத்தில் முடித்தது. அதே பர்ன்லி 2022 ஏப்ரலில், 8 ஆட்டம் பாக்கி இருக்கும்போது பயந்துபோய் டைச்சை நீக்கியது. அப்படியும் இறங்கியது. நாரிச் 2020இல் டேனியல் ஃபார்க்கேயோடு இறங்கி 2021இல் அவரோடே ஏறியது. அந்த நவம்பரில், அந்த சீசனின் முதல் லீக் வெற்றி கிடைத்த அன்றைக்கே அவரை அனுப்பியது. முடிவில் கடைசி இடம். இறங்கினாலும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஆள் கூடவே இருந்ததுதான் ஏறியவர்களிடம் நான் பார்க்கிற ஒற்றுமை. நாம் இறங்கினால் நம்மோடு யார் இருப்பார்? ஆறு வாரம் முன்பு வந்து, ஊழியர்களின் பெயர்கூட மனதில் பதியாத ஒருவரா?

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். 7 மேனேஜர்கள் வந்தார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த குழு ஒருமுறையும் மாறவில்லை. ஏழு பேரில் முதல் ஆறு பேரும் தவறான தேர்வு என்றால், தேர்ந்தெடுத்தவர்களின் கண்ணில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தை ஏழு முறை இடித்துக் கட்டியாகிவிட்டது.

ஆகவே, நாங்கள் கேட்பது இவை.

இந்த மேனேஜர் சீசன் முடியும்வரை இருப்பார் என்று நிர்வாகக் குழுத் தலைவர் நேரில் வந்து, ஆட்டக்காரர்கள் முன்னிலையில் சொல்ல வேண்டும். மூன்று வரி அறிக்கை வேண்டாம். வேறு ஆட்களோடு நடக்கும் பேச்சை அன்றே நிறுத்த வேண்டும். ஜனவரி டிரான்ஸ்ஃபர் காலத்தில், இழப்பீட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தில் ஒரு நடு டிஃபெண்டரையும், கார்னர், ஃப்ரீ கிக் தடுப்புக்கென்று ஒரு தனிப் பயிற்சியாளரையும் கொண்டுவாருங்கள். இந்த முறை கடைசி இரவுவரை காத்திருக்காதீர்கள்.

சீசன் முடிந்ததும் அவரை எதை வைத்து எடைபோடுவீர்கள் என்பதை இப்போதே எழுதி அவரிடம் கொடுங்கள், அதன் சாரத்தை எங்களுக்கும் சொல்லுங்கள். இளம் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் வளர்ந்தார்கள், எதிரணிக்கு எத்தனை நல்ல வாய்ப்பு கொடுத்தோம், ஆட்டக்காரர்கள் அவரோடு இருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அந்த எடையில் அவர் தேறவில்லை என்றால் அப்போது அனுப்புங்கள். நான் வாசலைக் கைகாட்ட மாட்டேன், ஆனால் உங்களைக் குறைசொல்லவும் மாட்டேன்.

மேலே யார் வந்தாலும் போனாலும் சிறுவர் அணிகளின் பயிற்சி முறை மாறாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். வேலியோரம் இன்னொரு பையன் வந்து "யோசிக்கிறேன் அண்ணே" என்று சொல்லக் கூடாது.

ஒருவேளை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் அதையாவது நேர்மையாகச் செய்யுங்கள். அவருக்குச் செய்தித்தாள் வழியாகத் தெரியக் கூடாது. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லுங்கள். புது ஆளுக்கு ஆட்கள் வாங்க அவகாசம் கிடைக்கும்படி ஜனவரிக்கு முன்னால் செய்யுங்கள், ஏப்ரலில் அல்ல. அடுத்தவர் யார், ஏன் அவர், என்ன ஆட்டம் ஆடப்போகிறோம், இந்த ஏழு தேர்வுகளுக்கும் உங்களில் யார் பொறுப்பு என்று ரசிகர்களைக் கூட்டி வைத்துச் சொல்லுங்கள். இம்மாத முடிவுக்குள் அப்படி ஒரு கூட்டத்துக்குத் தேதி அறிவிக்கும்படி எங்கள் வரிசைக்காரர்கள் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.

பதிலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன் எதிர்பார்க்கிறோம். சனிக்கிழமை காலை நான் வழக்கம்போலக் கூம்பு அடுக்கிக்கொண்டிருப்பேன்; யாராவது ஒருவர் வேலியோரம் வந்து நின்று பயிற்சியைப் பாருங்கள். காலை எட்டரைக்குத் தொடங்கும்.

இப்படிக்கு,
11வது வரிசை சீசன் டிக்கெட்காரன்